பேசாமல் 112-ஐ அழைப்பது எப்படி?

112 என்ற எண்ணை அழுத்தினால் மறுமுனையில் ஒருவர் பேசுவார். என்ன நடந்தது, எங்கே இருக்கிறீர்கள், யாருக்கு அடிபட்டிருக்கிறது என்று கேட்பார். நீங்கள் சொல்லச் சொல்ல அவர் கணினியில் குறித்துக்கொள்வார். போலீஸோ தீயணைப்பு வண்டியோ ஆம்புலன்ஸோ கிளம்பும். அழைப்பவருக்குக் காது கேட்கும், வாய் பேச வரும் என்ற நம்பிக்கையில்தான் இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது. இரண்டில் ஒன்று இல்லாதவர் வீட்டில் நள்ளிரவில் தீப்பிடித்தால் அவர் என்ன செய்வது?

இது ஒரு சிலருடைய பிரச்சினை இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50.7 லட்சம் பேர். பேச்சுத்திறன் குறைபாடு உள்ளவர்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர். வயதான பிறகு காது மந்தமாகிப் போனவர்களில் பலர் தங்களை மாற்றுத்திறனாளி என்று எங்கும் பதிவு செய்துகொள்வதில்லை. பக்கவாதம் வந்து பேச்சு குழறிப்போகிறவருக்கோ, அந்த நிமிடம் வரை எந்தக் குறைபாடும் இருந்திருக்காது. அவருக்கு வந்த ஆபத்தே அவருடைய பேச்சையும் பறித்துக்கொள்கிறது.

இந்தக் கேள்வியை மைசூருவை வைத்துப் பேசக் காரணம் உண்டு. அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் 1965-இலிருந்து இந்த ஊரில்தான் இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதை 'ஆயிஷ்' என்பார்கள். மானசகங்கோத்ரியில் இருக்கும் அந்த வளாகத்துக்குக் கர்நாடகத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கேரளத்திலிருந்து வருகிறார்கள். திம்பம் மலைப்பாதை ஏறி ஈரோடு, சத்தியமங்கலம் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். காது கேளாத குழந்தைகளின் பெற்றோரே சேர்ந்து நடத்தும் சங்கம் ஒன்று இங்கே இருக்கிறது. அதன் பள்ளியில் குழந்தையோடு தாயும் உட்கார்ந்து பயிற்சி பெறுகிறார். மாற்றுத்திறனாளிகளுக்கென்றே ஜேஎஸ்எஸ் நிறுவனம் நடத்தும் பாலிடெக்னிக் இருக்கிறது. படிக்க வந்து, வேலை கிடைத்து, இங்கேயே குடும்பமாகிவிட்ட காது கேளாதோர் மைசூருவில் நிறையப் பேர். ஒரு ஊரின் அவசர அழைப்பு ஏற்பாடு இவர்களுக்குப் பயன்படுகிறதா என்று பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

முதலில் 112 எப்படி வந்தது என்று பார்ப்போம். போலீஸுக்கு 100, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108 என்று தனித்தனி எண்கள் நமக்குப் பழக்கம். கர்நாடகத்தில் 108 சேவை 'ஆரோக்கிய கவசா' என்ற பெயரில் 2008 நவம்பர் 1 அன்று தொடங்கியது. எல்லாவற்றுக்கும் ஒரே எண் வேண்டும் என்ற பேச்சு, 2012 டிசம்பரில் டெல்லியில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு வலுத்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2015 ஏப்ரலில் 112-ஐப் பரிந்துரைத்தது. 2018 நவம்பரில் இமாசலப் பிரதேசம் முதல் மாநிலமாக அதைத் தொடங்கியது. பிறகு மற்ற மாநிலங்களும் சேர்ந்தன. கர்நாடகத்தில் 'நம்ம 112' என்று அழைக்கிறார்கள்.

ஆபத்தில் இருக்கும் பெண்ணை மனதில் வைத்துத் திட்டமிடப்பட்ட ஏற்பாடு இது. தாக்குகிறவன் பக்கத்திலேயே நிற்கும்போது அவளால் பேச முடியாது என்பது திட்டமிட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் பேனிக் பட்டன் வந்தது. 2017 ஜனவரி 1 முதல் விற்கும் கைபேசிகளில் அது இருந்தாக வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்தது. ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை அடுத்தடுத்து 3 முறை அழுத்துவது, சாதாரண பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ நீண்ட நேரம் அழுத்திப் பிடிப்பது என்பதெல்லாம் அந்த விதியிலிருந்து வந்தவை. பேச முடியாத ஒரு நிலையை அரசாங்கம் எண்ணிப் பார்த்துச் செய்த வேலை இது. அதே வழி காது கேளாதவருக்கும் திறந்திருக்கிறது. ஆனால் பாதி தூரம்தான்.

ஏன் பாதி என்றால், பட்டனை அழுத்தியதும் போவது பெரும்பாலும் ஒரு குரல் அழைப்பு. கட்டுப்பாட்டு அறையில் எடுப்பவர் "ஹலோ" என்கிறார், பதில் இல்லை. சட்டைப்பையில் தானாக அழுந்திய போனிலிருந்தும், குழந்தை விளையாடும் போனிலிருந்தும் இப்படிப் பேச்சற்ற அழைப்புகள் ஓயாமல் வரும். எது உண்மையான ஆபத்து என்று பிரித்தறிய அவர் திரும்ப அழைக்கிறார். காது கேளாதவருக்கு மணி கேட்காது. அதிர்வை உணர்ந்து எடுத்தாலும் எதிர்முனைக் கேள்வி கேட்காது. இரு பக்கமும் முயற்சி செய்தும் இருவரும் சந்திப்பதே இல்லை.

குரல் தவிர வேறு வழிகளையும் 112-இல் வைத்திருக்கிறார்கள்: எஸ்எம்எஸ், மின்னஞ்சல், இணையதளம், '112 இந்தியா' செயலி. காது கேளாதவருக்கு இவற்றில் முதலில் கைகொடுப்பது செயலிதான். பெயர், எண், நெருக்கடியில் தொடர்புகொள்ள வேண்டியவர்கள் யார் என்பதை முன்கூட்டியே பதிந்து வைக்கலாம். போலீஸா, தீயா, மருத்துவமா என்பதைப் படத்தைத் தொட்டே சொல்லிவிடலாம். எங்கே இருக்கிறோம் என்பதை ஜிபிஎஸ் எடுத்துக்கொடுக்கும். வெறும் குரல் அழைப்பில் கைபேசிக் கோபுரத்தை வைத்துப் போடும் கணக்கைவிட இது துல்லியமானது. அதற்கு ஸ்மார்ட்போன் வேண்டும், டேட்டா வேண்டும், சார்ஜ் இருக்க வேண்டும், முன்பே பதிந்திருக்க வேண்டும். ஆபத்து வந்த பிறகு ஓடிபிக்காகக் காத்திருக்க நேரம் இராது.

எஸ்எம்எஸ் எல்லாப் போனிலும் உண்டு என்பது அதன் பலம். ஆனால் அது உரையாடலுக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இல்லை. நெரிசலில் தாமதமாகும், சில சமயம் போய்ச் சேராமலே போகும். அனுப்புகிறவர் இருக்கும் இடத்தைத் தானாகக் கொண்டுபோகாது. போய்ச் சேர்ந்ததா, யாராவது படித்தார்களா என்பதும் தெரியாது.

காது கேட்பவர்கள் இந்தக் கடைசி விஷயத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. நாம் 108-க்குப் பேசும்போது "வண்டி கிளம்பிடுச்சு, பத்து நிமிஷத்துல வந்துடும், காயத்தை அழுத்திப் பிடிச்சுக்கோங்க" என்று காதில் விழும் அந்தக் குரலே பாதி உயிரைத் திருப்பித் தருகிறது. உதவி வருகிறது என்று தெரிந்தவர் காத்திருப்பார். தெரியாதவர் புகை நிறைந்த வீட்டைவிட்டு எந்தப் பக்கம் போவது என்று தவிப்பார், அடிபட்டவரைத் தானே இருசக்கர வண்டியில் தூக்கிவைத்துக் கொண்டுபோகப் பார்ப்பார். உதவி கேட்க ஒரு வழி இருப்பது முக்கியம். கேட்டது போய்ச் சேர்ந்தது என்ற பதில் திரும்பி வருவது அதே அளவு முக்கியம். நம் ஊர் ஏற்பாடுகளில் மிகவும் பலவீனமாக இருப்பது இந்தத் திரும்பிவரும் வழிதான்.

மற்ற நாடுகளில் இதை எப்படிச் சமாளித்தார்கள்? பிரிட்டனில் 999-க்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம். அதற்கு முதலில் அந்தப் போனைப் பதிவு செய்ய வேண்டும். பதில் செய்தி வரும்வரை நீங்கள் அனுப்பியது கிடைத்துவிட்டதாக எண்ணாதீர்கள் என்று அவர்களே வெளிப்படையாக எச்சரிக்கிறார்கள். அமெரிக்காவில் நான்கு பெரிய கைபேசி நிறுவனங்கள் 2014 மே மாதத்திலிருந்து 911-க்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதியைத் தந்தன. எல்லாக் கட்டுப்பாட்டு அறைகளும் அப்போது அதற்குத் தயாராக இல்லை. அதனால் அதற்கு முந்தைய ஆண்டே ஒரு விதி வந்தது: செய்தியைப் பெறும் வசதி அந்தப் பகுதியில் இல்லையென்றால், 'இங்கே இந்த வசதி இல்லை, வேறு வழியில் தொடர்புகொள்ளுங்கள்' என்று உடனே தானியங்கிப் பதில் போக வேண்டும். மறுப்பாக இருந்தாலும் அது ஒரு பதில். அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க அது போதும். எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் மிகக் குறைந்த செலவில் பெரிய பலன் தந்த விதி அது.

பிரான்சு வேறு மாதிரி யோசித்தது. 2011-இல் காது கேளாதோருக்கும் பேச இயலாதோருக்கும் 114 என்ற தனி அவசர எண்ணையே தொடங்கியது. அங்கே பணிபுரிகிறவர்கள் செய்தியைப் படித்து, அந்தந்த ஊர் போலீஸுக்கோ மருத்துவக் குழுவுக்கோ தகவல் தருவார்கள். பிரிட்டனில் 2022 ஜூன் 17 முதல் 999-க்குச் சைகை மொழி வீடியோ அழைப்பு செய்யலாம். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் திரையில் தோன்றி, சைகையைக் குரலாக்கியும் குரலைச் சைகையாக்கியும் தருவார்.

குரல் இல்லாமல் தொலைவில் பேசவைக்கும் தொழில்நுட்பத்தின் தொடக்கம் 1964-க்குப் போகிறது. ராபர்ட் வைட்பிரெக்ட் என்ற அமெரிக்க இயற்பியலாளர், தானே காது கேளாதவர், பழைய தந்தி அச்சுப்பொறிகளைச் சாதாரண டெலிபோன் வழியாக ஒன்றோடொன்று பேசவைக்கும் கருவியைச் செய்தார். அதன்பின் அந்நாட்டுக் காது கேளாதோர் வீடுகளில் டெலிபோன் நுழைந்தது. இந்தியாவில் அந்தக் கட்டம் நடக்கவே இல்லை. இங்கே காது கேளாதவர் முதன்முதலில் தொலைவிலிருப்பவரோடு தானாகவே பேசியது கைபேசிக் குறுஞ்செய்தியில்தான். இன்று அது வாட்ஸ்அப் வீடியோவாகிவிட்டது.

இங்கும் முயற்சிகள் உண்டு. இந்தூரில் துக்கோகஞ்ச் காவல் நிலையத்தில் 2002-லேயே காது கேளாதோருக்கான உதவி மையம் தொடங்கியது. சைகை மொழி தெரிந்த தம்பதி ஞானேந்திர புரோகித்தும் மோனிகா புரோகித்தும் அதன் பின்னால் இருந்தவர்கள். 2015-இல் டெல்லியில் அமைந்த இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம், 2023 செப்டம்பரில் வாட்ஸ்அப் வழி வீடியோ மொழிபெயர்ப்புச் சேவை ஒன்றைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 'காவலன்' செயலியும் பிறகு 2022-இல் 'காவல் உதவி' செயலியும் வந்தன.

இப்படிச் சொல்லும்போது, எழுத்தும் வீடியோவும் இருந்தால் எல்லோருக்கும் போதும் என்று தோன்றலாம். மைசூருவைப் பார்த்தால் அது அவ்வளவு எளிதில்லை என்று புரியும். பிறவியிலேயே காது கேளாத ஒருவருக்குக் கன்னடமும் ஆங்கிலமும் எழுத்தில் கற்ற மொழிகள்தான். பள்ளிப்படிப்பு சரியாக அமையாதவர்கள் பதற்றத்தில் ஒரு வாக்கியம் எழுதத் தடுமாறுவார்கள். அவர்களுக்குச் சைகை மொழியும் படங்களும் வேண்டும். வாய்மொழிப் பயிற்சிப் பள்ளிகளில் வளர்ந்தவர்களில் பலருக்குச் சைகை மொழி தெரியாது, அவர்களுக்கு எழுத்துதான் சரி. அறுபது வயதில் காது மந்தமானவருக்குப் பேச்சு நன்றாக வரும், பதில் மட்டும் எழுத்தில் வேண்டும்.

பேச மட்டும் இயலாதவர்களுக்கோ நேர்மாறு. தொண்டைப் புற்றுநோயில் குரல்வளை எடுக்கப்பட்டவர், பெருமூளை வாதம் உள்ளவர், கடுமையாகத் திக்குபவர், இவர்களில் பெரும்பாலோருக்கு நன்றாகக் கேட்கும். திக்குபவரின் முதல் சொல் வெளியே வருவதற்குள் எதிர்முனை அழைப்பைத் துண்டித்துவிடலாம். இவர்களுக்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. பதில் வராவிட்டால் உடனே வைத்துவிடாமல், "ஆம் என்றால் ஒரு முறை தட்டுங்கள், இல்லை என்றால் இரண்டு முறை" என்று கேட்கும் பழக்கம் கட்டுப்பாட்டு அறையில் இருந்தாலே போதும். பிரிட்டனில் கைபேசியிலிருந்து பேசாமல் அழைப்பவர்களை இருமச் சொல்வார்கள், போனைத் தட்டச் சொல்வார்கள், அதுவும் முடியாவிட்டால் 55 என்று அழுத்தச் சொல்வார்கள். அழுத்தினால் அழைப்பு போலீஸுக்குப் போகும். காது கேட்பவருக்கே இது உதவும் என்றாலும், ஒளிந்துகொண்டு மூச்சைப் பிடித்திருக்கும் பெண்ணுக்கும் சேர்த்து உதவும்.

சட்டம் என்ன சொல்கிறது? ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று உறுதிசெய்தது. அணுகல் பற்றிய அதன் 9-ஆம் பிரிவு, அவசர சேவைகளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நம்முடைய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 8-ஆம் பிரிவு ஆபத்திலும் பேரிடரிலும் சமமான பாதுகாப்பு தர வேண்டும் என்கிறது. 42-ஆம் பிரிவு தகவல் தொழில்நுட்ப அணுகலைப் பற்றியது. 2018 ஜூலையில் டிராய் தந்த பரிந்துரைகளில், தொலைத்தொடர்பு நிறுவனங்களின் அழைப்பு மையங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி உதவி மேசை வேண்டும் என்பதும் ஒன்று. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் வழிகாட்டுதலாக இருந்தால் போதாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்றது. 2025 ஏப்ரல் 30 தீர்ப்பில், டிஜிட்டல் அணுகல், வாழ்வுரிமை தரும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்றது. சட்டத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. கட்டுப்பாட்டு அறை மேசை வரை அது இறங்கி வர வேண்டும்.

அதுவரை மைசூருவிலோ, வேறு எந்த ஊரிலோ இருக்கும் ஒரு குடும்பம் செய்துகொள்ளக்கூடியவை சில உண்டு. '112 இந்தியா' செயலியை இன்றே இறக்கிப் பதிந்துவிடுங்கள். நெருக்கடித் தொடர்புக்குக் காது கேட்கும் ஒருவரையும், இரவில் போனைப் பார்க்கும் பழக்கமுள்ள ஒருவரையும் வையுங்கள். போனில் மூன்று செய்திகளை எழுதிச் சேமியுங்கள்: தீ, மருத்துவம், போலீஸ். ஒவ்வொன்றும் "எனக்குக் காது கேளாது, அழைக்க வேண்டாம், எஸ்எம்எஸ் அனுப்புங்கள்" என்று தொடங்கட்டும். அடுத்து முழு முகவரி. மைசூருவில் மெயின், கிராஸ், ஸ்டேஜ் மூன்றும் இல்லாமல் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. குவெம்புநகர் என்று மட்டும் எழுதினால் வண்டி சுற்றிக்கொண்டே இருக்கும். பக்கத்திலுள்ள கோயில், பள்ளி, கல்யாண மண்டபம் ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, கன்னடம் நன்றாகத் தெரிந்தவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். ஒரே வழியை நம்ப வேண்டாம். செயலியில் அழுத்துங்கள், எஸ்எம்எஸ் அனுப்புங்கள், அதே செய்தியை இருப்பிடத்தோடு அண்டைவீட்டார் வாட்ஸ்அப் குழுவிலும் போடுங்கள். சரிபார்க்க நினைத்து 112-ஐ விளையாட்டாக அழைக்கக் கூடாது. நகரக் காவல்துறையிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அவர்கள் சொல்லும் நேரத்தில் சோதித்துப் பாருங்கள்.

பெங்களூருவுக்குக் காரில் போகிறவர்களுக்கு இன்னொன்று. காது கேளாதோர் ஓட்டுநர் உரிமம் பெறத் தடையில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2011-இல் தெளிவாக்கியது. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட மைசூரு–பெங்களூரு விரைவுச் சாலை 119 கிலோமீட்டர் நீளம். தேசிய நெடுஞ்சாலைகளின் உதவி எண் 1033-ம், சாலையோர அவசர அழைப்புப் பெட்டிகளும் பேசிக் கேட்பதையே நம்பியவை. தனியாகப் போகும்போது நேரலை இருப்பிடத்தை வீட்டில் ஒருவருக்குப் பகிர்ந்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

வண்டி வந்து சேர்ந்த பிறகு நடப்பது தனிக் கதை. வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டியவை அதிகம் இல்லை, ஆனால் ஒவ்வொன்றும் உயிரோடு தொடர்புள்ளது. இருட்டில் டார்ச்சைத் தன் முகத்தில் அடித்துக்கொண்டு பேசினால் உதட்டைப் படிப்பவருக்குப் புரியும், எதிரிலிருப்பவர் கண்ணில் அடித்தால் ஒன்றும் தெரியாது. முகக்கவசம் உதட்டை மறைத்துவிடும். சைகை மொழி பேசுபவர் கைகளை வேகமாக அசைப்பது தாக்க வருவதாகப் படக்கூடாது. அந்தக் கைகளைக் கட்டினால் அவர் வாயைக் கட்டியதாகிவிடும். டிரிப் ஏற்றும்போது அவர் அதிகம் பயன்படுத்தும் கையை விட்டுவிட்டு மற்றக் கையில் ஊசி போட வேண்டும். காது கேட்கும் கருவியைக் கழற்றினால் பையில் போட்டு அவரோடே அனுப்ப வேண்டும். காக்ளியர் இம்பிளான்ட் இருந்தால் எம்ஆர்ஐ எடுக்கும் முன் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். பேசுவதை எழுத்தாக்கிக் காட்டும் 'லைவ் டிரான்ஸ்கிரைப்' செயலி தமிழையும் கன்னடத்தையும் எழுதிக்காட்டும். ஆம்புலன்ஸ் ஊழியரின் போனில் அது இருந்தால் சைகை மொழி தெரியாத குறையில் பாதி தீரும்.

மைசூருவுக்கு இதில் வேறு ஊர்களுக்கு இல்லாத வசதி ஒன்று உண்டு. பேச்சு, கேட்டல் வல்லுநர்களும், காது கேளாதோர் பள்ளிகளும், பெற்றோர் சங்கமும், நகரக் காவல் கட்டுப்பாட்டு அறையும் சில கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. பேச்சற்ற அழைப்பு வந்தால் திரும்ப அழைப்பதற்கு முன் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிப் பார்ப்பது, இரவில் எழுப்பினால் வீடியோவில் வரச் சம்மதித்த மொழிபெயர்ப்பாளர்களின் பட்டியல் ஒன்றை மேசையில் வைத்திருப்பது, 'இந்த எண்ணில் இருப்பவருக்குக் காது கேளாது' என்று விரும்புகிறவர்கள் முன்பே பதிந்துகொள்ள வழி செய்வது, இவை மூன்றும் பெரிய பணம் கேட்கும் வேலைகள் இல்லை. உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். பேசும் அந்த அறையில் காது கேளாதவர்களும் இருக்க வேண்டும்.

அனுப்பிய செய்திக்குப் பதிலே வராமல் போயிருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். நாள், நேரம், அனுப்பிய செய்தியின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் சேர்த்து மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும், பெங்களூருவிலுள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் எழுதி அனுப்புங்கள். 2016 சட்டம் அந்த ஆணையருக்கு, புகார் வராவிட்டாலும் தாமாகவே விசாரிக்கும் அதிகாரத்தைத் தந்திருக்கிறது. அவர் கேள்வி எழுப்பக் கையில் ஒரு தாள் தேவை.